பழைய மினிபைக்கில் ஸ்பார்க் வரவில்லையா? பிளக்கில் தொடங்கி உள்ளே போங்கள்

பல வருடம் சும்மா கிடந்த மினிபைக் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. டேங்கைக் கழுவியாயிற்று, புது பெட்ரோல் ஊற்றியாயிற்று, கார்பரேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று. ஆனாலும் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஒரு ‘டப்’ சத்தம்கூட இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் நேராகப் போய்ப் புதுக் காயில் வாங்குவார்கள். மாட்டியும் ஓடாது. அப்புறம் கண்டென்சர், அப்புறம் பிளக் என்று போய், கடைசியில் மொத்த இக்னிஷனையும் மாற்றியிருப்பார்கள். கோளாறோ, ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் தோல் உரிந்து கிடக்கும் ஒரு ஒயரில் இருக்கும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோதித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். கரண்ட் கடைசியாக வந்து சேருகிற இடம் பிளக். அங்கிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாக உள்ளே போங்கள். எதைக் கழற்றியதும் ஸ்பார்க் திரும்பி வருகிறதோ, கோளாறு அதில்தான். இந்த வரிசையில் போனால், ஃப்ளைவீலை (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்தை) தொடுவதற்கு முன்பே பல வண்டிகள் ஓடத் தொடங்கிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் விற்ற மினிபைக்குகளில் பெரும்பாலும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் அல்லது டெகம்சே எஞ்சின்தான் இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்திலும் தண்ணீர் பம்பிலும் இருந்த அதே ரகம், 3 முதல் 5 குதிரைத்திறன், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. இன்னொரு குடும்பம் ஜப்பானுடையது. ஹோண்டா 1961இல் தன் தமா டெக் பொழுதுபோக்குப் பூங்காவுக்காகச் செய்த இசட்100 என்ற குட்டி வண்டியிலிருந்து வளர்ந்த ‘மங்கி’ என்கிற இசட்50 வரிசை அது. இதில் கிக்கர் உண்டு. தோற்றத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஸ்பார்க் உண்டாகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃப்ளைவீலில் காந்தம் இருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது அந்தக் காந்தம் சுருளை, அதாவது காயிலை, கடந்து போகும். அப்போது பிரைமரி சுற்றில் கரண்ட் ஓடும். பாயிண்ட், அதாவது திறந்து மூடும் ஒரு சின்னத் தொடர்பு, மூடியிருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலே வந்து சேரும் சமயத்தில் கேம் (எஞ்சினோடு சுற்றும் மேடு) பாயிண்ட்டைத் திறக்கும். கரண்ட் சட்டென்று அறுபடும், காந்தப்புலம் குலையும், அந்த நொடியில் செகண்டரி சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி பிளக்கில் தாவும். பாயிண்ட் திறக்கும்போது கரண்ட் அங்கேயே பொறியாகத் தாவி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிய வேண்டும். முதலாவது, இங்கே பேட்டரிக்கு வேலை இல்லை. சில மாடல்களில் பேட்டரி இருந்தாலும் அது விளக்குக்கும் ஹாரனுக்கும்தான். காந்தம் வேகமாகக் கடந்தால்தான் கரண்ட் வரும் என்பதால் கயிற்றை மெதுவாக இழுத்துவிட்டு ஸ்பார்க் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. இரண்டாவது, எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச். காரில் சுவிட்சை அணைத்தால் கரண்ட் துண்டிக்கப்படும். இங்கே அப்படியே தலைகீழ்: சுவிட்ச் பிரைமரி ஒயரை எர்த்தோடு இணைத்துவிடும், பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் அறுபடாது, ஸ்பார்க் வராது. ஆக, சுவிட்சே இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். சுவிட்ச் ஒயர் எங்காவது ஃபிரேமில் உரசிக்கொண்டிருந்தால் ஓடாது. புதிதாக வருபவர்கள் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டியது இதைத்தான்.

முதலில், இது ஸ்பார்க் கோளாறுதானா?

நான்கைந்து முறை இழுத்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கார்பரேட்டர். நனைந்து பெட்ரோல் வாசம் அடித்தால் ஸ்பார்க் மேல் சந்தேகப்படலாம். இன்னும் உறுதியாகத் தெரிய, சில துளி பெட்ரோலை மட்டும் பிளக் துளை வழியாக விட்டு, பிளக்கைத் திரும்ப இறுக்கி, கேப்பை மாட்டி இழுங்கள். இரண்டு மூன்று சுற்று வெடித்துவிட்டு நின்றால் ஸ்பார்க் இருக்கிறது, அது விழும் நேரமும் (டைமிங்) ஓரளவு சரி. ஒன்றுமே நடக்காவிட்டால் கீழே படியுங்கள். கயிறு எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாக வந்தால் அது கம்ப்ரெஷன் பிரச்சினை, வேறு வேலை.

பிளக் சோதனை

இதற்கென்று ஒரு சோதனை பிளக் செய்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய பிளக் ஒன்றை எடுத்து, வளைந்திருக்கும் பக்க முனையை நிமிர்த்தி, நடு முனைக்கும் அதற்கும் 4 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஏன் இவ்வளவு? வெளிக்காற்றில் சின்ன இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டாம். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டிருக்கும்போது தாண்டுவது அதைவிடக் கடினம். சாதாரண பிளக்கில் வெளியே அழகாகத் தெரியும் ஸ்பார்க், உள்ளே போனதும் அணைந்துவிடலாம். 4 மி.மீ.யைத் தாண்டுகிற ஸ்பார்க் என்றால் நம்பலாம்.

பிளக்கை கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுத்தி வையுங்கள். இடம் முக்கியம்: திறந்திருக்கும் பிளக் துளையிலிருந்து நல்ல தூரம். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பக்கத்தில் ஸ்பார்க் இருந்தால் தீப்பிடிக்கும். பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள், டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும், அருகில் பெட்ரோல் பாத்திரம் எதுவும் வேண்டாம். பிளக்கை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ரப்பர் உறை போட்ட பிளையர் போதும். இன்னொன்று, பிளக் கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றக்கூடாது. போக இடம் இல்லாத வோல்ட் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

இப்போது வெளிச்சம் குறைந்த இடத்தில் வேகமாக இழுங்கள். ‘சட்’ என்ற சத்தத்தோடு நீலமும் வெள்ளையுமாகத் தடித்த ஸ்பார்க் வந்தால் மேக்னட், காயில், பாயிண்ட் எல்லாம் வேலை செய்கின்றன. உங்கள் பழைய பிளக்தான் கெட்டிருக்க வேண்டும், அல்லது டைமிங் தவறியிருக்க வேண்டும். மெல்லிய ஆரஞ்சு நிறக் கோடு, அதுவும் விட்டு விட்டு வந்தால் பாயிண்ட், கண்டென்சர், காயில் இடைவெளி இவற்றில் ஒன்று. ஒன்றுமே வராவிட்டால் அடுத்த படி.

புது பிளக் போடும்போது இடைவெளியை அளந்து போடுங்கள். பிரிக்ஸ், டெகம்சே எஞ்சின்களுக்கு 0.030 அங்குலம், அதாவது சுமார் 0.75 மி.மீ. ஹோண்டா இசட்50க்கு 0.6 முதல் 0.7 மி.மீ.

சுவிட்ச் ஒயரைக் கழற்றுங்கள்

ஒரு கருவியும் வேண்டாத, ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை இது. எஞ்சினிலிருந்து ஹேண்டில்பார் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைத் தேடி, எஞ்சினுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கழற்றுங்கள். எஞ்சின் பக்கத்து முனை எதிலும் படாதபடி டேப் சுற்றுங்கள். மறுபடி பிளக் சோதனை செய்யுங்கள். ஸ்பார்க் வந்துவிட்டதா? உங்கள் இக்னிஷன் நன்றாக இருக்கிறது, சுவிட்சோ அந்த ஒயரோதான் கெட்டிருக்கிறது.

ஒயர் ஃபிரேமின் கூர்மையான விளிம்பைத் தாண்டும் இடம், டேங்கின் அடிப்பகுதி, ஹேண்டில் திரும்பும்போது நசுங்கும் கழுத்துப் பகுதி, சைலன்சர் சூட்டில் இன்சுலேஷன் உருகும் இடம் என்று எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். சுவிட்சை மல்டிமீட்டரால் சோதிக்க, கழற்றிய சுவிட்ச் ஒயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஓம் பாருங்கள். ‘ஓடு’ நிலையில் தொடர்பே இருக்கக்கூடாது, ‘நிறுத்து’ நிலையில் பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். மழையில் நனைந்த பழைய சுவிட்சில் உள்ளே துரு படிந்து, ஓடு நிலையிலும் பாதித் தொடர்பு இருக்கும். அப்போது ஸ்பார்க் அடியோடு போகாது. பலவீனமாகி, வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

பிரிக்ஸ் எஞ்சின்களில் இன்னொரு இடமும் உண்டு. ஆக்சிலரேட்டர் லீவர் முழுக்கத் திரும்பி வந்தால் ஒரு சின்னத் தகட்டில் முட்டி எர்த் ஆகும். அதுதான் எஞ்சினை நிறுத்தும் வழி. கேபிளை யாராவது தப்பாக அளவு வைத்திருந்தால் லீவர் எப்போதும் அந்தத் தகட்டிலேயே முட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு பார்வை பார்க்க மறக்காதீர்கள்.

சுவிட்ச் ஒயரைக் கழற்றிய நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் அதை எப்படி நிறுத்துவது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். சோக்கை முழுக்க மூடினால் நிற்கும். சோதனைக்காகத்தான் கழற்றுகிறோம். சுவிட்ச் இல்லாமல் வண்டியை ஓட்டக்கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

பிளக் ஒயரும் கேப்பும்

கேப் திருகிக் கழற்றும் வகை என்றால் கழற்றிவிட்டு, ஒயர் முனையை ரப்பர் உறை போட்ட பிளையரால் பிடித்து எஞ்சின் உலோகத்திலிருந்து 4, 5 மி.மீ. தள்ளி வைத்து இழுத்துப் பாருங்கள். இப்போது தாவினால் கேப்பைத் தூக்கிப் போடுங்கள். ரெசிஸ்டர் உள்ள கேப் சாதாரணமாக 5 கிலோ ஓம் காட்டும். பழசான பிறகு முடிவில்லாமல் ஏறியிருக்கும். ஒயர் நீளமாக இருந்தால் முனையில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள், உள்ளே பச்சை பூத்த செம்பு போய்ப் புதுச் செம்பு வரும். பல பிரிக்ஸ் காயில்களில் ஒயர் காயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், அதனால் அளந்து வெட்டுங்கள். இருட்டில் எஞ்சினைச் சுற்றும்போது ஒயரின் நடுவிலிருந்து எஞ்சினுக்கு நீலக் கோடு தாவினால் ஒயர் வெடித்திருக்கிறது.

காயில்: கழற்றாமலே பார்க்கக்கூடியது

காற்று மூடியைக் கழற்றினால் ஃப்ளைவீலும், பிரிக்ஸ் வகையில் அதன் வெளிவிளிம்பில் காயிலும் தெரியும். சில டெகம்சேக்களில் காயில் ஃப்ளைவீலுக்கு அடியில் இருக்கும். ஹோண்டாவில் ஸ்பார்க் காயில் தனியாக ஃபிரேமில் மாட்டியிருக்கும்.

வெளியே தெரியும் காயிலின் இரும்புத் தகடுகளிலும் காந்தத்தின் முகத்திலும் துரு படிந்திருக்கும். துரு மேடு மேடாக வளர்ந்து சில சமயம் இரண்டும் உரசும். மெல்லிய எமரி ஷீட்டால் இரண்டையும் பளபளவென்று தேயுங்கள், தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் தூளை எடுக்க ஒட்டும் டேப் உதவும். அப்புறம் இடைவெளி. 5 குதிரைத்திறன் பிரிக்ஸ் எஞ்சினுக்கு 0.010 முதல் 0.014 அங்குலம், அதாவது 0.25 முதல் 0.35 மி.மீ. காயிலின் இரண்டு திருகையும் தளர்த்தி, காயிலை மேலே தூக்கி லேசாக இறுக்கி வைத்து, காந்தத்தைக் காயிலுக்கு நேராகக் கொண்டுவந்து, அந்தத் தடிமனுள்ள அட்டையை நடுவில் வைத்துத் திருகைத் தளர்த்தினால் காந்தமே காயிலைக் கீழே இழுத்துக்கொள்ளும். அப்படியே இறுக்கி, ஃப்ளைவீலைச் சுற்றி அட்டையை வெளியே எடுங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று ஏறக்குறைய இந்தத் தடிமன் இருக்கும், ஆனாலும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. காயிலும் எஞ்சினும் எர்த் ஆவது அவற்றின் போல்ட் வழியாகத்தான். தடித்த பவுடர் கோட்டிங்குக்கு மேல் காயிலை மாட்டினால் எர்த் கிடைக்காது. எல்லாம் புதுசு, ஆனால் ஸ்பார்க் மட்டும் இல்லை என்கிற வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரிய வையுங்கள்.

காயிலை மல்டிமீட்டரால் அளக்கலாம். பிரைமரி மிகக் குறைவாக, ஒரு ஓம் சுற்றுவட்டத்தில் இருக்கும். செகண்டரி சில ஆயிரம் ஓம். சரியான எண் ஒவ்வொரு காயிலுக்கும் வேறு, உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பாருங்கள். மீட்டர் ‘திறப்பு’, அதாவது தொடர்பே இல்லை, என்று காட்டினால் காயில் போய்விட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் சரியான எண் காட்டினாலும் காயில் நல்லது என்று உறுதியாகாது. மீட்டர் தருவது சில வோல்ட். காயில் தாங்க வேண்டியது பல்லாயிரம்.

ஃப்ளைவீலைக் கழற்றுதல்

இவ்வளவும் பார்த்த பிறகும் ஸ்பார்க் இல்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். நட்டைக் கழற்றும்போது ஃப்ளைவீலை ஸ்ட்ராப் ரென்ச்சால் பிடியுங்கள். விசிறி இதழ்களுக்கு நடுவே திருப்புளியைக் குத்தி நிறுத்தாதீர்கள், அலுமினிய இதழ் உடைந்துவிடும். விரிசல் விட்ட ஃப்ளைவீலைத் திரும்ப மாட்டவே கூடாது. வேகமாகச் சுற்றும்போது சிதறினால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. கயிறு இழுக்கும் பிரிக்ஸ் எஞ்சினில் சாதாரண நட்டே இருக்காது. ஸ்டார்ட்டர் கிளட்ச்தான் நட்டு. அதற்கென்று தனி ஸ்பேனர் உண்டு.

நட்டு கழன்றதும் புல்லர் போட்டு இழுங்கள். ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மரை நசுங்கினால் வேலை பத்து மடங்காகும். புல்லருக்குச் செலவழிக்கும் பணம் வீணே ஆகாது.

ஃப்ளைவீல் கையோடு வந்ததும் பாயிண்ட்டைப் பார்க்கும் அவசரத்தை அடக்கிக்கொண்டு, முதலில் கீயைப் பாருங்கள். ஷாஃப்டிலும் ஃப்ளைவீலிலும் உள்ள காடிகளை ஒரே நேர்கோட்டில் பிடித்து வைத்திருக்கும் சின்ன உலோகத் துண்டு அது. பிரிக்ஸில் அது மென்மையான உலோகம். எஞ்சின் திடீரென்று முட்டி நின்றால் ஷாஃப்ட் வளைவதற்குப் பதிலாக கீ வெட்டுப்படும், அதற்காகவே அப்படிச் செய்தார்கள். கீயை வெளியே எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் ஒரு படி விழுந்தது போல மேல்பாதி தள்ளியிருக்கிறதா? ஒரு மி.மீ. தள்ளியிருந்தாலே டைமிங் கெட்டுவிடும். கயிறு கையைத் திருப்பி இழுக்கிறது, கார்பரேட்டர் வழியாக ‘படார்’ என்று வெடிக்கிறது, ஸ்பார்க் மட்டும் அருமையாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் இந்தக் கீதான். அதே உலோகத்தில் புதுக் கீ போடுங்கள். ‘இனி வெட்டுப்படாது’ என்று எஃகில் அடித்துப் போட்டால், அடுத்த முறை உடைவது ஷாஃப்டாக இருக்கும்.

பாயிண்ட்: வேலையின் மையம்

பாயிண்ட் பெட்டியின் மூடியைத் திறங்கள். உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஆயில் சீல் போயிருக்கலாம். பிரிக்ஸில் பாயிண்ட்டைத் தள்ளும் சின்னக் குச்சி ஒன்று உண்டு, பிளஞ்சர் என்பார்கள். அது ஓடும் துளை தேய்ந்தால் எண்ணெய் அதன் வழியாக ஏறி வரும். பிளஞ்சரே 0.870 அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எப்படி வைத்தாலும் பாயிண்ட் இடைவெளி நிலைக்காது.

வெகுநாள் நின்ற வண்டியில் பாயிண்ட் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் மங்கலான ஒரு படலம் படிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுமில்லை போலத் தெரிகிற இந்தப் படலம் கரண்ட்டை முழுசாகத் தடுத்துவிடும், ஏனென்றால் பிரைமரியில் ஓடுவது குறைந்த வோல்ட். பாயிண்ட் ஃபைல் இருந்தால் அதால், இல்லாவிட்டால் மிக மெல்லிய உப்புத்தாளை மடித்து நடுவில் வைத்து, இரண்டு முகமும் ஒரே சமயத்தில் தேயும்படி நான்கைந்து முறை இழுங்கள். குழி ஆழமாக இருந்தால், அல்லது ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக உலோகம் இடம் மாறியிருந்தால், தேய்த்துக் காலம் தள்ளாமல் புதுசு போடுங்கள். அந்த மேடு பள்ளம் கண்டென்சர் சரியில்லை என்பதற்கும் அடையாளம்.

தேய்த்த பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். உப்புத்தாளின் மணலும் விரலின் எண்ணெயும் முகத்தில் ஒட்டியிருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து, சுத்தமான வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைப் பாயிண்ட்டுக்கு நடுவே வைத்து மூடவிட்டு இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு வரும். தாள் வெள்ளையாகவே வெளியே வரும்வரை புதுத் துண்டால் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். புதுப் பாயிண்ட்டுக்கும் இது தேவை. துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் பாதுகாப்பு எண்ணெய் தடவியிருப்பார்கள்.

அடுத்தது இடைவெளி. ஷாஃப்டை மெதுவாகச் சுற்றி, பாயிண்ட் அதிகபட்சம் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிரிக்ஸுக்கும் டெகம்சேக்கும் 0.020 அங்குலம், சுமார் 0.5 மி.மீ. ஹோண்டா இசட்50க்கு 0.3 முதல் 0.4 மி.மீ. பல பிரிக்ஸ் எஞ்சின்களில் கண்டென்சரின் முனையே பாயிண்ட்டின் ஒரு பாதி. கண்டென்சரை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இடைவெளி வைப்பார்கள். ஃபீலர் கேஜைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அதிலிருக்கும் எண்ணெய் நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் கெடுத்துவிடும். திருகை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளங்கள். இறுக்கும்போது இடைவெளி மாறுவது வழக்கம்.

மல்டிமீட்டரால் பாயிண்ட்டைச் சோதிக்கும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. காயிலின் பிரைமரி சுற்று பாயிண்ட்டுக்கு இணையாக இணைந்திருப்பதால், பாயிண்ட் திறந்தாலும் மீட்டர் ஒரு ஓம் போலக் காட்டும், பீப்பும் அடித்துக்கொண்டே இருக்கும். ‘பாயிண்ட் திறக்கவே இல்லை’ என்று தவறாக முடிவெடுக்க இது போதும். அதனால் காயிலிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். அப்போது மூடினால் பூஜ்யம், திறந்தால் முழுத் திறப்பு என்று தெளிவாகத் தெரியும். திறந்தும் தொடர்பு காட்டினால் ஒயரின் முனையோ, பாயிண்ட்டின் ஸ்பிரிங்கோ பெட்டியின் சுவரில் படுகிறது. அல்லது இன்சுலேட்டர் வாஷர் ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

கண்டென்சர்

இந்த எஞ்சின்களின் கண்டென்சர் ஏறக்குறைய 0.15 முதல் 0.3 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். கொள்ளளவு அளக்கும் மீட்டர் இருந்தால் பாருங்கள். ரொம்ப விலகியிருந்தால் மாற்றுங்கள். எண் சரியாக இருந்தும் வேலை செய்யும் வோல்ட்டில் கசியலாம், அதை மீட்டர் பிடிக்காது. நடத்தையைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி: எஞ்சின் சுற்றும்போது பாயிண்ட்டில் தடித்த பொறி பறக்கிறது, பிளக்கில் மஞ்சள் நிறத்தில் சோர்ந்த ஸ்பார்க் வருகிறது என்றால் கண்டென்சர்தான். ஹோண்டாவில் ஃப்ளைவீலின் ஜன்னல் வழியாகவே இதைப் பார்க்க முடியும். நல்லது என்று தெரிந்த கண்டென்சரை மாட்டிப் பார்ப்பது இன்னும் எளிது. இப்போது கிடைக்கும் புதுக் கண்டென்சர்களின் தரம் சீராக இல்லை, அதனால் நன்றாக வேலை செய்யும் பழையதைப் ‘பழசாயிற்றே’ என்று தூக்கிப் போடாதீர்கள்.

டைமிங்

பிரிக்ஸில் இதற்கென்று தனி வேலை இல்லை. கீயும் பாயிண்ட் இடைவெளியும் சரியாக இருந்தால் டைமிங்கும் சரி. டெகம்சேயில் பாயிண்ட் உட்காரும் ஸ்டேட்டர் தட்டையே திருப்ப முடியும். கழற்றுவதற்கு முன் தட்டிலும் எஞ்சினிலும் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொண்டால், பிறகு டயல் கேஜ் தேடி அலைய வேண்டாம். ஹோண்டாவில் ஃப்ளைவீலில் ‘எஃப்’ குறி இருக்கும்; அது எஞ்சினில் உள்ள குறிக்கு நேராக வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மெல்லிய காகிதத்தைப் பாயிண்ட்டில் கடிக்கவிட்டு லேசாக இழுத்துப் பிடித்தபடி ஃப்ளைவீலைச் சுற்றினால், திறக்கும் நொடியில் காகிதம் நழுவி வரும். இடைவெளியை அதிகமாக்கினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங் முன்னால் போகும், குறைத்தால் பின்தங்கும். அனுமதித்த அளவுக்குள் வைத்துக் குறியோடு பொருத்துங்கள்.

சூடானதும் நிற்கும் வண்டி

குளிர்ந்த எஞ்சின் ஒரே இழுப்பில் எடுக்கிறது, பத்து இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது, ஆறிய பிறகுதான் மறுபடி எடுக்கிறது. இந்தக் கோளாறைக் குளிர்ந்த நிலையில் எவ்வளவு சோதித்தாலும் பிடிபடாது. நின்ற அந்த நிமிடமே, எஞ்சின் சூடு ஆறுவதற்கு முன், சோதனை பிளக்கை மாட்டிப் பாருங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் காயிலோ கண்டென்சரோ சூட்டில் விட்டுப்போகிறது. முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள், அது மலிவு. அதற்கும் சரியாகாவிட்டால் காயிலை வாங்கலாம், இப்போது காரணத்தோடு வாங்குகிறீர்கள். ஸ்பார்க் நன்றாகவே இருந்தால் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, வால்வு இடைவெளி போதுமா என்று பாருங்கள்.

பாயிண்ட்டை விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் போடலாமா?

போடலாம். பிரிக்ஸ் நிறுவனமே 1982இல் மேக்னட்ரான் என்ற பெயரில் பாயிண்ட் இல்லாத இக்னிஷனுக்கு மாறிவிட்டது, பழைய எஞ்சின்கள் சிலவற்றில் அந்தக் காயிலை அப்படியே மாட்டலாம். தினமும் ஓட்டும் வண்டிக்கு அது நிம்மதி. ஆனால் ஃப்ளைவீலின் காந்த முனைகள் புதுக் காயில் எதிர்பார்க்கும் திசையில் இருக்க வேண்டும், எல்லா ஃப்ளைவீலுக்கும் பொருந்தாது. வெட்டுப்பட்ட கீயையோ உரசும் சுவிட்ச் ஒயரையோ அது சரிசெய்யவும் செய்யாது. என்னைக் கேட்டால், முதல் வண்டியிலாவது பாயிண்ட்டை உங்கள் கையால் ஒருமுறை சுத்தம் செய்து, அளவு வைத்து, ஸ்பார்க் வருவதைப் பாருங்கள். மாற்றுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

திரும்ப மாட்டும்போது ஷாஃப்டின் சாய்வான பகுதியையும் ஃப்ளைவீலின் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சாய்வின் பிடிமானம்தான், கீ காடிகளை நேராக வைக்க மட்டும்தான். நட்டைக் கையேட்டில் சொன்ன முறுக்குக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பாயிண்ட் பெட்டிக்குள் ஒயர் நுழையும் இடத்தை சீலன்ட்டால் அடையுங்கள். மூடியைப் போடுவதற்கு முன் கையால் இரண்டு சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். சுவிட்ச் ஒயரைத் திரும்ப மாட்டி, பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, பிறகு கயிற்றை இழுங்கள். எஞ்சின் பிடித்ததும் முதல் வேலையாக சுவிட்சை அழுத்தி, அது உடனே நிற்கிறதா என்று பாருங்கள்.